கடைக்குச் சொந்தமான கை

மாடிப்படியில் உருளும்போது உடம்பில் எதைக் காப்பாற்றுவது என்று யோசிக்க மனிதனுக்கு நேரம் கிடைக்காது என்பார்கள். கைக்காரருக்குக் கிடைத்தது. வலது கையில் காய்கறிப் பை, காலில் புதுச் செருப்பு, மேல்படியில் யாரோ சிந்திவிட்டுப் போன தண்ணீர். கால் வழுக்கியதுமே அவர் இடது கையை மடக்கிப் பச்சைக் குழந்தையைப்போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். மிச்சமிருந்த உடம்பைப் படிகளின் பொறுப்பில் விட்டார். படிகளும் தங்களால் முடிந்ததைச் செய்தன. கீழே வந்து சேர்ந்தபோது முன்பல்லில் பாதியைக் காணோம், முழங்கால் இரண்டிலும் தோலைக் காணோம். இடது கையில் மட்டும் ஒரு கீறல் கிடையாது.

சத்தம் கேட்டு மனைவி இறங்கி வந்தாள்.

"எங்கங்க அடி?"

"பயப்படாதே. கைக்கு ஒண்ணும் ஆகல" என்றார், ரத்தம் வழிகிற வாயோடு, கொஞ்சம் பெருமையாகவே.

அவள் சிதறிக் கிடந்த தக்காளிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டாள். அவரைப் பொறுக்கவில்லை.

அந்தக் கை கடைக்குச் சொந்தமானது. கடை அவருடைய அக்காவுக்குச் சொந்தமானது. முன்னால் கண்ணாடி அலமாரிகளில் வாசனை எண்ணெய்ப் புட்டிகள். பின்னால், ஜன்னலை எப்போதும் சாத்தியே வைத்திருக்கும் கலவை அறை. கலப்பது அக்கா. கலந்ததைத் தடவிப் பார்ப்பது தம்பியின் இடது முன்கையில். காகிதத்தில் தொட்டு மோந்தால் எண்ணெயின் பேச்சு மட்டும்தான் தெரியும். அதன் நடத்தை தோலில் போட்டால்தான் தெரியும் என்பது அக்காவின் கட்சி.

அக்காவின் மூக்கைப் பற்றி அந்தத் தெருவில் யாருக்கும் சந்தேகம் இல்லை. தொலைபேசியில் பேசினாலே எதிர்முனையில் இருப்பவர் குளித்தாரா என்று அவருக்குத் தெரிந்துவிடும். தெரிந்தாலும் வெளியே சொல்லாதது அவருடைய பண்பாடு. பக்கத்து வீட்டில் நாளைக்கு என்ன சமையல் என்பதை இன்றைக்கே மோந்து சொன்னார் என்றும், அந்த வீட்டுக்காரி அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அதன்படியே சமைத்தாள் என்றும் ஒரு பேச்சு உண்டு.

அப்பேர்ப்பட்ட மூக்குக்கு ஒன்றும் எழுதாத தாளைப்போல ஒரு கை தேவைப்பட்டது. அதனால் கைக்காரரின் இடது கையில் சோப்பு படக் கூடாது. வெயில் படக் கூடாது. அதற்கென்று தோள்வரை ஒரு பருத்தி உறை. வெங்காயம், பூண்டு, மருந்து, தைலம் எல்லாம் வலது கையோடு சரி. பஸ்ஸில் டிரைவர் சட்டென்று பிரேக் போட்டால், இடது கையால் கம்பியைப் பிடிப்பதைவிட முன்பின் தெரியாதவர் மடியில் உட்கார்ந்துவிடுவார். அப்படி உட்கார்ந்ததில் சில நல்ல நட்புகளும் அமைந்தன. கொசுக்கள்கூட அந்தக் கையில் வந்து உட்கார்ந்து, தப்பான விலாசத்துக்கு வந்துவிட்டவர்களைப்போலச் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு எழுந்து போய்விடும்.

மனைவி சலவைக் கடையில் இஸ்திரி போடுபவள். அவள் கையில் எப்போதும் சோப்பும் கஞ்சியும் சூடும் இருக்கும். கல்யாணமான புதிதில் ஒரு நாள், தெருவில் நடக்கும்போது, இடப்பக்கம் வந்து அவர் கையைப் பிடித்தாள். அவர் பதறி உதறினார். மறுநாள் கலவை இருந்தது, அதனால்தான். காரணத்தை விளக்கமாகவே சொன்னார். அவளும் கேட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் இடப்பக்கம் வரவில்லை. நடக்கும்போது வலப்பக்கம், பஸ்ஸில் வலப்பக்கம், படுக்கையில் வலப்பக்கம். யாராவது வீட்டுக்கு வந்து இடது பக்கத்து நாற்காலியில் உட்காரப் போனால், "அங்க வேணாங்க, அது அண்ணியோட கடை" என்பாள்.

உடைந்த பல்லுக்கு ஒரு பல் டாக்டரம்மாவிடம் போனார்கள். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருக்கும் மனிதனிடம் மிஞ்சியிருப்பது மூக்கு ஒன்றுதான். டாக்டரம்மா குனிந்ததும் அதையும் அவர் கழுத்திலிருந்து வந்த மல்லிகை வந்து அடைத்துக்கொண்டது. கைக்காரருக்குக் கண் இருட்டியது. அதைப் பயம் என்று நினைத்து டாக்டரம்மா இன்னும் கிட்டத்தில் குனிந்து ஆறுதல் சொன்னார். ஒருவழியாகக் கொப்பளித்துத் துப்பியதும் கைக்காரர் சொன்ன முதல் வார்த்தை:

"டாக்டர், நீங்க பூசியிருக்கறது எங்க கடைச் சரக்கு."

"அப்படியா? நல்லா இருக்குல்ல?"

"நல்லா இருக்கு. வீதிக்கு அந்தப் பக்கம் நின்னு மோந்தா இன்னும் நல்லா இருக்கும்."

டாக்டரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "வர்றவங்க பாதிப் பேரு மூஞ்சியத் திருப்பிக்கறாங்க. நான் ஊசிக்குப் பயந்துன்னு நெனச்சேன்" என்றார். பிறகு கையுறையைக் கழற்றிக்கொண்டே, "அப்ப கிட்டக்க மோக்கறதுக்கு ஒண்ணு செஞ்சு குடுங்க. டீ குடிச்சு முடிச்ச கப்பு, மர மேஜை மேல இருக்குமே, அந்த அளவுக்கு இருந்தாப் போதும். எனக்குத் தெரியணும்னுகூட இல்ல. பயந்து போய்ப் படுத்திருக்கறவங்களுக்குத் தெரிஞ்சாப் போதும்" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் மனைவி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"இந்த எண்ணெய் முடிஞ்சதும் அந்தக் கை வீட்டுக்கு வந்துடணும்."

"எந்தக் கை?"

"பல்லு போனாப் பரவாயில்லன்னு காப்பாத்தினீங்களே, அது."

"வரலன்னா?"

"எங்க அண்ணன் வீட்ல மாடி ரூம் காலியாத்தான் இருக்கு."

மிரட்டலாகச் சொல்லவில்லை. துணி காய்ந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாள். அந்தக் குரலை அவருக்குத் தெரியும். எதிர்வீட்டு டிவி சத்தம் அடங்கும்வரை அந்தப் பக்கத்து ஜன்னலைத் திறப்பதில்லை என்று ஒருமுறை இதே குரலில்தான் சொன்னாள். எதிர்வீட்டுக்காரர் வீட்டைக் காலி செய்துகொண்டு போன பிறகும் ஜன்னல் திறக்கவில்லை. புதிதாக வந்தவரிடமும் டிவி இருந்தது.

ஆகவே எண்ணெய் சீக்கிரம் முடிய வேண்டும் என்பதில் கைக்காரர் மும்முரமாக இருந்தார். அக்காவும் முதல் நாளே ஒரு கலவை போட்டார். காகிதத்தில் தொட்டு நீட்டியபோது அவருக்கே தலை ஆடியது. முதலில் டீ, பின்னாலேயே, அவசரமில்லாமல், மரம். அடுத்து கையில் ஒரு துளி. அக்கா குனிந்தார். டீ வந்தது, பக்கத்து அறை வாசலை யாரோ கப்போடு தாண்டிப் போவதுபோல. அப்புறம் ஒன்றும் இல்லை. மரம் வரவே இல்லை.

"மரம் எங்கடா?"

"என்னைக் கேட்டா? நீதானே போட்ட."

அக்கா தேவதாருவை ஏற்றினார். கை குடித்தது. சந்தனத்தைச் சேர்த்தார். அதையும் குடித்தது. பேர் தெரியாத தூர தேசத்து மரங்களெல்லாம் அந்தக் கையில் இறங்கின. இறங்கிய மரத்துக்கு அதில் ஒரு பறவை வந்து கூடு கட்டாததுதான் ஆச்சரியம். காகிதத்தில் மோந்தால் எண்ணெய் இப்போது கதவு ஜன்னல் செய்கிற பட்டறையைப்போல மணந்தது. கையில் அதே ஒரு வாய் டீ, அதோடு சரி.

எண்ணெய்தான் சரியில்லை என்பதில் அக்காவுக்கும் தம்பிக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எடை சரியாக வராதபோது சரக்கைத்தான் மாற்றுவார்கள். தராசைத் தூக்கி நிறுத்துப் பார்க்க யாருக்குத் தோன்றும்? அதுவரை அந்தக் கை தப்புச் சொன்னதும் இல்லை. அந்தக் கடையில் விற்ற மல்லிகையும் ரோஜாவும் கஸ்தூரியும் செங்கல் சுவரில் பூசினாலும் மணக்கிற ரகம். இவ்வளவு மெல்லிசான ஒன்றை இப்போதுதான் முதல்முதலாகச் செய்கிறார்கள்.

வாரங்கள் போயின. வீட்டில் பரண்மேல் இருந்த பெரிய பெட்டி கீழே இறங்கியது. தூசி தட்டத்தான் என்றாள் மனைவி. தூசி தட்டிய பிறகு அது மேலே போகவில்லை. கூடத்திலேயே, விருந்தாளி மாதிரி, உட்கார்ந்திருந்தது.

ஒரு மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், மனைவி கடைக்கே வந்துவிட்டாள்.

"வாம்மா. அதிசயமா இருக்கே" என்றார் அக்கா.

"எண்ணெய் எப்ப அண்ணி முடியும்?"

"எண்ணெய் என்ன இஸ்திரியா, ரெண்டு இழுப்பு இழுத்ததும் முடியறதுக்கு?"

"இஸ்திரின்னா துணியப் பாத்தாவது தெரிஞ்சுக்கலாம். இங்க முடிஞ்சுதா இல்லையான்னு யாருக்குத் தெரியும்."

"நான் வேணும்னே இழுக்கறேங்கற."

"நான் சொல்லல. நீங்கதான் சொல்றீங்க."

கைக்காரர் அலமாரிப் பக்கம் திரும்பி, புட்டிகளின் மூடிகள் சரியாக மூடியிருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகத் திருகிப் பார்க்கத் தொடங்கினார். அந்த மாதிரி நேரங்களில் அவருக்கு வேலையில் அக்கறை அதிகம்.

"நீயே மோந்து பாரு. அப்பவாவது நம்புவ" என்று அக்கா அவரை இழுத்து உட்கார வைத்து, உறையைச் சுருட்டினார். பல கலவைகள் தோற்ற பிறகு அன்று காலைதான் முதல் நாள் போட்ட லேசான கலவைக்கே திரும்பியிருந்தார். அதில் ஒரு துளியைக் கண்ணாடிக் குச்சியால் தொட்டு முன்கையில் வைத்தார்.

மனைவி குனிந்தாள். அந்தக் கைக்கு அவ்வளவு கிட்டத்தில் அவள் முகம் வந்தது எப்போது என்று கைக்காரர் நினைத்துப் பார்த்தார். ஞாபகம் வரவில்லை. அவள் மூச்சு பட்ட இடத்தில் மயிர்க்கால்கள் எழுந்து நின்றன.

"டீ" என்றாள். காத்திருந்தாள். "அவ்வளவுதான். போயிடுச்சு."

"அதைத்தான் நானும் சொல்றேன். எண்ணெய் பிடிக்கல."

"எண்ணெயைப் பத்தி எனக்குத் தெரியாது அண்ணி. கையில ஒண்ணும் இல்லன்னு சொல்றேன். ஜன்னல் கண்ணாடிய மோந்த மாதிரி இருக்கு. கண்ண மூடிக்கிட்டுச் சொன்னா இது இவரு கைன்னே சொல்ல மாட்டேன்."

சொல்லிவிட்டு நிமிர்ந்தவள், குச்சியில் ஒட்டியிருந்த எண்ணெய் வீணாகிறதே என்று அதைத் தன் மணிக்கட்டில் ஓர் இழுப்பு இழுத்துக்கொண்டு, இஸ்திரிக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

"அந்தக் கையில போட்டா என்ன தெரியும்" என்றார் அக்கா, வாசலைப் பார்த்து. "சோப்பு, கஞ்சி, சூடு. கண்டபடி கிறுக்கின தாள்."

சாயங்காலம் கைக்காரர் வீட்டில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். ஒற்றைக் கையால் வெங்காயம் வெட்டுவதில் அவர் கைதேர்ந்தவர். வெங்காயத்தைச் சுவரோரம் ஒதுக்கி, தப்பிக்க வழியில்லாமல் செய்துவிட்டு வெட்டுவார். வாசல் கதவு திறந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் கத்தி நின்றுவிட்டது.

டீ வந்திருந்தது. கொதிக்கிற டீ இல்லை. கப்பின் அடியில் கடைசி ஒரு வாய் மிஞ்சியிருக்கும்போது இருக்குமே, லேசாகக் கசந்து, எங்கேயோ ஓர் ஆரஞ்சுத் தோலை உரித்த மாதிரி, அது. அவள் குடையை ஆணியில் மாட்டக் கையைத் தூக்கினாள். டீயின் கீழிருந்து மரம் எழுந்தது. அறுத்த மரமும் இல்லை, பாலிஷ் போட்ட மரமும் இல்லை. பகலெல்லாம் வெயில் காய்ந்த ஜன்னல் சட்டம் சாயங்காலம் ஆறத் தொடங்கும்போது தருகிற மணம். பக்கத்தில் வந்தால்தான் தெரிகிறது. வந்த பிறகு நகர மனம் வருவதில்லை. அதற்கும் அடியில், சோப்பும் கஞ்சியும் நாளெல்லாம் இஸ்திரிச் சூட்டில் வெந்த தோலுமாக, அவள். எது எண்ணெய், எது அவள் என்று கோடு போட முடியவில்லை.

அவள் மேஜைமேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் மேஜையில் எதையோ தேடுகிறவர்போலக் குனிந்தார்.

"என்ன தேடறீங்க?"

"எறும்பு."

"கெடச்சுதா?"

"இப்பதான் போச்சு" என்றார். மறுபடியும் குனிந்தார்.

எண்ணெய் முடிந்துவிட்டது. அது அவருக்குத் தெரிந்துவிட்டது. அக்காவிடம் சொன்னால், சொன்ன நிமிஷமே கை வீட்டுக்கு வந்துவிடும், பெட்டி பரணுக்குப் போய்விடும். ஆனால் அக்காவை அவருக்குத் தெரியும். எண்ணெயைச் சரியாகச் சொல்கிற ஒரு கை இருக்கிறது என்று தெரிந்தால் அந்த மூக்கு அதை விட்டுவைக்காது. இந்த மணிக்கட்டுக்கும் ஓர் உறை வரும். சோப்பு கூடாது, சூடு கூடாது என்பார்கள். அப்புறம் என்றைக்காவது அவர் தெருவில் இந்தக் கையைப் பிடிக்கப் போவார். நாளைக்குக் கலவை இருக்கிறது என்று அவள் விளக்கமாகச் சொல்லுவாள். அவரும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும்.

சொல்லாமல் விட்டாலோ எண்ணெய் முடியாது. பெட்டி கூடத்திலேயே இருக்கிறது. மாடி ரூமும் காலியாகவே இருக்கிறது.

அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. பழியைப் போட வெங்காயம் கைவசம் இருந்தது வசதியாகப் போயிற்று.

ராத்திரி புரண்டு புரண்டு யோசித்ததில் விடிவதற்குள் ஒரு வழி கிடைத்தது. தன் கையையே உயிர்ப்பித்துவிட்டால் என்ன? காலையில் எழுந்ததும் கெட்டிலைக் கொதிக்க வைத்து, ஆவியில் இடது கையைக் காட்டினார். முரட்டுத் துண்டால் தேய்த்தார். திரும்பவும் காட்டினார். மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"என்ன பண்றீங்க?"

"ஜலதோஷம்."

"கைக்கா?"

"எனக்கு எப்பவும் கையிலதான் ஆரம்பிக்கும்."

அவள் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். பஸ்ஸில் வழக்கம்போல வலப்பக்கம் நின்று, வண்டி குலுங்கும்போதெல்லாம் அவர் வலது சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டாள்.

கடையில், கை சூடு ஆறுவதற்குள், "அக்கா, இப்பப் போட்டுப் பாரு" என்றார்.

அக்கா துளியை வைத்துக் குனிந்தார். முகம் சுளித்தது. "பழைய டீயத் திரும்பக் கொதிக்க வெச்ச மாதிரி இருக்கு. கையை என்னடா பண்ணின?"

"ஒண்ணும் பண்ணல."

"கெட்டில் வாசனை வருது. உள்ள உப்புப் படிஞ்சிருக்கு, முதல்ல அதைக் கழுவச் சொல்லு."

நிமிரப் போன அக்கா பாதியில் நின்றார். மூக்கு மட்டும் திரும்பியது. அது இடது கையை விட்டு இறங்கி, அவர் சட்டைப் பொத்தான்களைத் தாண்டி, வலது சட்டைக்கையில் ஏறி, முழங்கைக்குச் சற்று மேலே, துணி கசங்கியிருந்த இடத்தில் போய் உட்கார்ந்தது. அக்கா வெகுநேரம் அங்கிருந்து அசையவில்லை.

"மரம்" என்றார், மெதுவாக. "இங்க யாருடா பிடிச்சது?"

"பஸ்ல ஒரே கூட்டம்."

"கூட்டத்துக்குக் கஞ்சி வாசனை வராது."

அக்கா புட்டியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். கலவை நேரத்தில் அவர் தெருவில் இறங்கி யாரும் பார்த்தது கிடையாது. எதிர்க்கடைக்காரர் தீப்பிடித்துக்கொண்டது என்று நினைத்துத் தண்ணீர் வாளியோடு ஓடி வந்தார். பின்னாலேயே கைக்காரர் ஓடுவதைப் பார்த்ததும் சந்தேகம் தீர்ந்து, வாளியை அவர்மேலேயே கொட்டினார். கைக்காரர் நிற்கவில்லை.

சலவைக் கடையில் மனைவி நீள மேஜைமேல் படுக்கை விரிப்பு ஒன்றைப் பரப்பி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அறை முழுக்க ஆவி.

"கையக் குடு" என்றார் அக்கா.

"வேலையா இருக்கேன் அண்ணி."

"பெட்டிய நிமித்தி வெச்சுட்டுக் குடு."

அவள் கணவனைப் பார்த்தாள். அவர் தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, வேண்டாம் என்பதுபோலவும் சரி என்பதுபோலவும் தலையை ஆட்டினார். அவள் கையை நீட்டினாள். அக்கா புதிதாக ஒரு துளி வைத்து, கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார். அந்த இரண்டு பெண்களும் குடும்பப் படங்களில் எப்போதும் இரண்டு ஓரங்களில் நிற்பவர்கள். இப்போது ஒருத்தியின் மூச்சு இன்னொருத்தியின் மணிக்கட்டில் பட்டுக்கொண்டிருந்தது. அக்காவின் முகத்தில் டீ வந்தது, தங்கியது. பிறகு புருவங்களுக்கு நடுவே இருந்த முடிச்சு தளர்ந்தது. அக்கா முகத்தில் மரம் வருவதைக் கைக்காரர் கண்ணால் பார்த்தார்.

"முடிஞ்சுது" என்றார் அக்கா. "முதல் நாளே முடிஞ்சிருக்கு. நான்தான் காட்டையே வெட்டிக் கொட்டிட்டிருந்தேன்." பிறகு தம்பியின் உறை போட்ட கையைப் பார்த்தார். "அது செத்துப்போச்சுடா. பாத்துப் பாத்து வெச்சுக்கிட்டே நாம சாகடிச்சிட்டோம்."

அதற்கு ஒரு நிமிஷம்தான் துக்கம் கொண்டாடினார். கடைக்காரி அல்லவா. மனைவியின் கையை இன்னும் விடாமல், "நீ நாளையிலேருந்து கடைக்கு வந்துடும்மா. இந்தக் கை..." என்று ஆரம்பித்தார்.

"தர மாட்டேன்" என்று ஒரு குரல் கேட்டது.

சொன்னது யார் என்று கைக்காரரே திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை.

"உன்னையா கேட்டேன்?" என்றார் அக்கா.

"அதானே. உங்களையா கேட்டாங்க?" என்றாள் மனைவி. "என் கைக்கு நீங்க என்ன பதில் சொல்றது?"

"உனக்குத் தெரியாது. முதல்ல உறை போடுவாங்க. அப்புறம் சோப்பு வேணாம்பாங்க. அப்புறம் நான் கிட்ட வந்தா நீ உதறுவ. வேணும்னு உதற மாட்ட, கலவை இருக்கும்" என்றார் அவர். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உதறின கை எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். உதறு வாங்கினவங்களுக்கு எப்படி இருக்கும்னு நேத்துத்தான் யோசிச்சேன்."

மனைவி இஸ்திரிப் பெட்டியைத் தேவையில்லாமல் ஒருமுறை நகர்த்தி வைத்தாள்.

"நான் வரல அண்ணி" என்றாள் கடைசியில். "இந்தக் கை இங்க வேலை செய்யறதாலதான் உங்களுக்கு மரம் வருது. உறையில போட்டா இதுவும் ஜன்னல் கண்ணாடி ஆயிடும்."

"அப்ப நான் எதுல போட்டுப் பாக்கறது?"

"உங்களுக்குக் கை இல்லையா?"

"மோக்கறவ கையில போடக் கூடாதும்மா. தன் மேல இருக்கறது தனக்குத் தெரியாது."

"நீங்க மோக்க வேணாம். நான் மோந்து சொல்றேன்."

அக்கா மறுக்க வாயைத் திறந்தார். அதற்குள் மனைவி புட்டியை வாங்கி அவர் மணிக்கட்டில் ஒரு துளி வைத்துவிட்டாள். ஊசி போட்டுக்கொள்கிறவரைப்போல அக்கா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஊரில் உள்ளவர்களையெல்லாம் மோந்து பார்த்திருக்கிறார். அவரை யாரும் மோந்து பார்த்ததில்லை.

"உங்க மேல டீதான் தூக்கலா இருக்கு" என்றாள் மனைவி. "கொஞ்சம் கசப்பா, வெடுக்குன்னு."

"அது நான்தான்" என்றார் அக்கா, திரும்பாமல்.

"ஆனா சீக்கிரம் போகல. நின்னுக்கிட்டிருக்கு. மரம் இன்னும் வரல."

"வராதா?"

கேட்ட குரல் கடைக்காரியின் குரலாக இல்லை. மனைவி மறுபடியும் குனிந்து பார்த்தாள். "வரும்னுதான் தோணுது. யோசிக்குது போல. இப்படி வந்து சூடா இருக்கற பக்கம் உக்காருங்க" என்று மேஜையோரத்து முக்காலியைக் காலால் தள்ளிக் கொடுத்தாள். அக்கா உட்கார்ந்தார். தன் மணிக்கட்டை, யாரோ பத்திரமாக வைத்திருக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன பொருள்போல, மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விரிப்பு பாதி ஆறிவிட்டது. மனைவி அதை மேஜையிலிருந்து இழுத்தாள்.

"சும்மா நிக்கறீங்களே, அந்தப் பக்கத்தப் பிடிங்க. மடிக்கணும்."

கைக்காரர் வலது கையை நீட்டினார்.

"அதுல ரெண்டு முனை இருக்கு."

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா இவரைப் பார்க்கிற நிலையில் இல்லை. அவர் உறையைத் தோளிலிருந்து உருவி, எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு, இரண்டு முனைகளையும் பிடித்தார். இடது கைக்குத் துணியின் சூடு புதிது. முதல் நாள் வேலைக்கு வந்தவனைப்போல அது விரல்களைக் கன்னாபின்னாவென்று வைத்துக்கொண்டது. இருவரும் விரிப்பை உதறி, இழுத்து, மடித்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்தார்கள். பாதி வழியில் அவள் அவர் கையிலிருந்து முனைகளை வாங்கினாள். வாங்கும்போது அவள் விரல் முட்டி அவருடைய இடது முன்கையின் உட்பக்கத்தில் உரசியது.

அவர் துள்ளினார்.

"சுட்டுடுச்சா?"

"இல்ல."

இன்னொரு மடிப்பு. இன்னொரு உரசல். அவர் நெளிந்தார்.

"பின்ன என்ன?"

"கூசுது."

அவள் அவரைப் பார்த்தாள். மடித்த விரிப்பை ஒரு கையால் மார்போடு பிடித்துக்கொண்டு, மற்றக் கையின் ஒரு விரலால், மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை, அவசரமே இல்லாமல் ஒரு கோடு இழுத்தாள். கைக்காரர் ஆவிக்கு நடுவே நின்று, ஈரச் சட்டையோடு, புதுப் பல் வெளியே தெரிய, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கையை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை.

"சத்தம் போடாதேடா" என்றார் அக்கா முக்காலியிலிருந்து. தன் மேல் இருப்பது தனக்குத் தெரியாது என்று சட்டம் போட்டவரே தன் மணிக்கட்டை மூக்கருகே வைத்துக் கண்ணை மூடியிருந்தார். "மரம் வருது."